நாக்கின் வலது பாதி

ஜூன் 11, செவ்வாய்

குன்னூரில் காலையிலிருந்து மூடுபனி. ஸ்டெரிலைசர் மறுபடியும் மக்கர் பண்ணியது. அதைத் தட்டி எழுப்புவதற்குள் எனக்கும் குணவதி அக்காவுக்கும் ஒரு சண்டை தொடங்கி முடிந்து சமாதானமும் ஆகிவிட்டது. பதினோரு வருடமாக என் பல் கிளினிக்கில் உதவிக்கு இருப்பவர். ஸ்டெரிலைசர் நின்றால் சமாளித்துவிடுவேன், அக்கா லீவு போட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் போஜராஜன், ஐம்பத்து நான்கு வயது. தேயிலை ஏலத்துக்கு விலை மதிப்புப் போடும் கம்பெனி ஒன்றில் டீ டேஸ்டர். வலது கீழ்க் கடைவாயில் பெரிய சொத்தை, வேர் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. காத்திருந்தபோது அக்கா டீ நீட்ட, "வேண்டாங்க, காலையிலிருந்து இருநூத்தி நாப்பது கப் ஆச்சு" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனையையும் குடிப்பதில்லையாம், உறிஞ்சித் துப்பிவிடுவாராம்.

"ஒரே ஊசிதான் சார், கஷ்டமா இருந்தா இடது கையைத் தூக்குங்க" என்று வழக்கம்போலச் சொன்னேன். முதல் ஊசி பிடிக்கவில்லை, தாடை மரக்கவே இல்லை. கீழ்த்தாடையில் இது சகஜம். இரண்டாவது போடும்போது கொஞ்சம் அசைந்தார். ஊசி என்றால் சிலருக்குப் பயம். பிறகு எல்லாம் சுமுகம். நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன்.

பீன்ஸ் இன்று நன்றாக இருந்தது. அரைக் கிலோ வாங்கினேன்.

ஜூன் 12, புதன்

போஜராஜன் போன் செய்தார். உதடு நேற்றே சரியாகிவிட்டதாம், நாக்கு மட்டும் இன்னும் மரத்திருக்கிறதாம். சிலருக்கு ஒரு நாள் ஆகும் என்றேன். சிலருக்கு ஆகும்தான்.

ஜூன் 14, வெள்ளி

நேரில் வந்துவிட்டார். சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, தட்டில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம்.

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்து நாக்கைத் தொட்டேன். உணர்ந்தால் இடது கையைத் தூக்க வேண்டும். நாக்கின் இடது பக்கம் பன்னிரண்டு முறை தொட்டேன், பன்னிரண்டு முறையும் கை எழுந்தது. வலது பக்கம், நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை, கை நாற்காலியிலேயே கிடந்தது. சர்க்கரைக் கரைசல் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் ஒரு நாக்கு வரைந்து, வலது பாதியைப் பென்சிலால் கறுப்பாக்கினேன்.

"ஊசி போட்டது பல்லுக்குத்தானுங்களே? நாக்கு எப்படிங்க?" என்றார்.

கல்லூரியிலிருந்து கூடவே வந்த பிளாஸ்டிக் மண்டையோட்டை எடுத்துவந்தேன். பரீட்சைக்கு நரம்புகளை மனப்பாடம் செய்ய நானே தையல் நூல் ஒட்டி வைத்தது. முகத்துக்கு உணர்ச்சி தரும் பெரிய நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கு, ஒன்று மேல்தாடைக்கு, ஒன்று கீழ்த்தாடைக்கு. மேல்தாடை எலும்பு மெல்லியது, பல்லுக்கு நேராக ஈறில் மருந்து விட்டாலே ஊறி இறங்கிவிடும். கீழ்த்தாடை கெட்டி, இறங்காது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே போய்ப் பிடிக்க வேண்டும். அந்த வாசல் தாடையின் உட்புறம், கடைசிப் பல்லுக்கும் பின்னால் இருக்கிறது. கட்டை விரலால் எலும்பின் வளைவைத் தடவிப் பார்த்து, ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் ஊசியை உள்ளே விட்டு, நுனி எலும்பில் தட்டுகிறதா என்று கையால் உணர வேண்டும். பதினாறு வருடமாகச் செய்கிறேன். உயிருள்ள ஒருவர் வாயில் அந்த வாசலை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

"இந்தப் பச்சை நூல் பல்லுக்கும் உதட்டுக்கும் போறது சார். அதுக்கு ஒரு விரலகலம் முன்னாடி இந்தச் சிவப்பு, நாக்குக்குப் போறது. காதுப் பக்கமிருந்து இன்னொரு சின்ன நரம்பு வந்து இந்தச் சிவப்போட ஒட்டிக்கும், ருசியெல்லாம் அது வழியாத்தான் போகும்."

"அப்ப தொடு உணர்ச்சியும் ருசியும் ஒரே வயருங்களா?"

"இந்த இடத்துல ஆமா."

"ஊசி இந்தச் சிவப்புப் பக்கமாத்தான் போகணுங்களா?"

"பக்கத்துல போகும். பொதுவா ஒண்ணும் ஆகாது."

அவர் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு ஊசி போடறப்ப ஏதாவது ஆச்சுங்களா மேடம்?"

"சில பேருக்கு இப்படி ஆகும் சார். தானா சரியாயிடும்."

"சரிங்க" என்றார்.

போவதற்கு முன் அவராகவே சொன்னார். டீயில் பிரிஸ்க் என்று ஒன்று உண்டாம். வாய்க்குள் சுருக்கென்று ஒரு பிடி பிடிக்குமாம், அதுதான் டீக்கு உயிராம். இப்போது பாதி நாக்கை வைத்துத்தான் அதைப் பிடிக்கிறாராம். ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் டேஸ்டிங் ரூமிலிருந்து எடுத்து, சாம்பிள் பாக்கெட்டுக்கு நம்பர் ஒட்டப் போட்டுவிடுவார்கள் என்றார். இருபத்தெட்டு வருட வேலை.

ஜூன் 15, சனி

கேஸ் ஷீட்டில் 11ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "மரப்பு ஊசி இரண்டு. சிக்கல் ஏதும் இல்லை." என் கையெழுத்து எப்போதும்போல அழகாகவே இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

குணவதி அக்கா டிரேயைத் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கு அந்தச் சார் கையைத் தூக்குனாரே மேடம்" என்றார்.

"எல்லாரும்தான் தூக்குவாங்க."

"இல்ல மேடம், உடம்பே ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு."

"அக்கா, உறிஞ்சுற குழாயைக் கழுவினீங்களா?"

கழுவியிருந்தார். அவர் எப்போது கழுவாமல் விட்டார்? கேட்டிருக்க வேண்டாம். மாலையில் அவருக்குப் பிடித்த வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

கோயம்புத்தூரில் முகத்தாடை அறுவை சிகிச்சை செய்யும் ஷாகிராவுக்குப் போன் போட்டேன். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவளிடம் சுற்றி வளைக்க முடியாது.

"ரெஜி, ஊசி போடறப்ப அந்தாளுக்கு நாக்குல கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சா?"

"கொஞ்சம் துள்ளினார்."

"துள்ளினதும் ஊசியைக் கொஞ்சம் பின்னால இழுத்துட்டுத்தானே மருந்தை விட்ட?"

சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். குன்னூரில் இருப்பதில் இப்படி ஒரு வசதி.

அவளே மறுபடியும் கூப்பிட்டாள். பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் திரும்பிவிடுமாம். நரம்பு அறுந்திருக்காது, அடிபட்டிருக்கும், அவ்வளவுதான். வாராவாரம் நாக்கைத் தொட்டுப் பார்த்து வரைபடம் போடச் சொன்னாள். "முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அது நல்ல செய்தி. எட்டு வாரம் தாண்டினா என்கிட்ட அனுப்பு. அந்தாள்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டியா?"

சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

சர்ச்சில் இன்று பிரசங்கம் நாக்கைப் பற்றி. ஊரில் வேறு விஷயமே இல்லையா?

ஜூன் 28, வெள்ளி

வரைபடத்தில் மாற்றம் இல்லை. வலது பாதி முழுக் கறுப்பு. கை எழவே இல்லை.

போஜராஜன் இந்த வாரம் ஒரு சாம்பிளைத் தவறாக மதிப்பிட்டுவிட்டார். கோத்தகிரிப் பக்கம் சின்ன விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு ஃபேக்டரியின் டீ. "சப்பை" என்று எழுதிவிட்டாராம். அடுத்த மேசையில் இருப்பவர் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, இவ்வளவு பிடிப்பு இருக்கு, சப்பைன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாராம். ஏலப் பட்டியல் போவதற்குள் திருத்திவிட்டார்கள்.

"இருபத்தெட்டு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க" என்றார். அவர் ஆள் இளைத்திருக்கிறார். வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டுமே.

ஜூலை 4, வியாழன்

இன்று கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒரு அம்மாவைப் பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீக்கம் வற்றட்டும் என்று காரணம் சொன்னேன். வீக்கம் இல்லை. கீழ்த்தாடை ஊசியைக் கையில் எடுக்க முடியவில்லை. மூன்று வாரமாக மேல்தாடைப் பற்களாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

முதல் ஊசி பிடிக்காதபோதே எனக்கு எரிச்சல். ஒரே ஊசி என்று ஜம்பமாகச் சொன்னது நான்தான். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். இரண்டாவது ஊசியை விட்டதும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது, கண் விரிந்தது. இடது கை தூக்கினார். பாதி தூக்கவில்லை, நன்றாகவே தூக்கினார். கஷ்டமாக இருந்தால் கையைத் தூக்குங்கள் என்று சொன்னவளே நான். ஊசி நாக்கு நரம்பைத் தொட்டுவிட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் பின்னால் இழுத்துவிட்டு மருந்தை விட வேண்டும், மூன்றாம் வருட மாணவிக்கும் தெரியும். இழுத்தால் மறுபடியும் இடம் தவறிவிடுமோ, மூன்றாவது ஊசி போட வேண்டி வருமோ என்று கையை அப்படியே வைத்துக்கொண்டேன். "முடிஞ்சுது சார், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே முழு மருந்தையும் அதே இடத்தில் விட்டேன். முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன்.

அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். என்னை நம்பித்தான் இறக்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வேர் சிகிச்சையின் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார். நரம்பு எடுத்த பல் என்பதால் ஊசி தேவைப்படவில்லை, என் நல்ல காலம். பல்லை அடைத்து முடித்ததும் நாற்காலியை நிமிர்த்தினேன். முகக்கவசத்தைக் கழற்றினேன். இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன்.

"எனக்குத் தெரியுங்க" என்றார்.

"தெரியுமா?" என்றேன்.

"நாக்கு நுனி வரைக்கும் கரண்ட் ஓடுச்சு, எனக்குத் தெரியாதுங்களா? அதனாலதான் அன்னிக்கு அத்தனை தடவை கேட்டேன். நீங்க பொதுவா ஒண்ணும் ஆகாதுன்னீங்க. படிச்சவங்க சொல்றாங்க, அப்ப ஊசியால இல்லைன்னு நினைச்சேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்க அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தப்ப முதல்ல நாக்குதானுங்க மரத்துச்சு. நான் வீட்டுக்குத் தெரியாம மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தேன். அந்த மிஷினுக்குள்ள படுத்துக்கிட்டு என் பொண்ணு கல்யாணத்தை யார் நடத்துவாங்கன்னு யோசிச்சேன். ஊசி பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த ஒரு மாசம் நான் அப்படிச் சாகாம இருந்திருப்பேன்ல?"

நாக்கைத்தான் காயப்படுத்தினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

என் அழுகை நின்றதும், "அந்தத் தாளை எடுங்க" என்றார். கேஸ் ஷீட்டைக் கொடுத்தேன். 11ஆம் தேதி எழுதியதைப் படித்தார். நான் வெள்ளை மையை எடுக்கப் போனேன்.

"அழிக்காதீங்க. எங்க வேலையில தப்பா எழுதின ரிமார்க்கை அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானது. இன்னிக்குத் தேதி. கையெழுத்து."

"சிக்கல் ஏதும் இல்லை" என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கை தூக்கியதையும் எழுதினேன். அவர் வரி வரியாகப் படித்துவிட்டு, "முழு மருந்தையும்னு சொன்னீங்களே, அது விட்டுப்போச்சு" என்றார். சேர்த்தேன். மடித்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை.

குணவதி அக்கா கதவருகே நின்றிருந்தார். என் கையில் ஒரு டம்ளர் டீயை வைத்தார்.

ஜூலை 12, வெள்ளி

வரவில்லை. போனும் இல்லை. நானாகக் கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஜூலை 15, திங்கள்

திருப்பி அனுப்பிய அம்மா வந்தார். கீழ்த்தாடை ஊசி போட்டேன். உள்ளே போகும்போது அவர் கை லேசாக எழுந்தது. நிறுத்திவிட்டேன். ஊசியை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, "என்னம்மா?" என்று கேட்டேன். மூக்கு அரித்ததாம். சொறிந்துகொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் போட்டேன். நன்றாகப் பிடித்தது. பல்லும் சமர்த்தாக வந்தது.

ஜூலை 18, வியாழன்

வரவில்லை. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, எட்டு வாரம் முடிய.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன்.

"மேடம், போஜராஜனுங்க. எறும்பு."

"எங்க?"

"நாக்குல. வலது நுனியில. விடிஞ்சதிலிருந்து கடிக்குது."

"ரொம்ப வலிக்குதா சார்?"

"ரொம்ப நல்லா கடிக்குதுங்க."

வாயில் நுரையோடு நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி முழுக்கப் பேஸ்ட். பத்து மணிக்கே வரச் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார்.

கண்ணை மூடினார். பஞ்சு நூலால் வலது ஓரத்தைத் தொட்டேன். ஒன்றுமில்லை. நுனியைத் தொட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் இடது கை எழுந்தது. அக்கா பின்னால், "ஆண்டவா" என்றார். தொட்ட இடம் எது என்று கேட்டால் நடுவில் என்கிறார், நான் தொட்டது நுனி. பரவாயில்லை, நரம்பு வீட்டுக்கு வந்துவிட்டது, எந்த அறை என்றுதான் இன்னும் தெரியவில்லை. ரப்பரை எடுத்து, வரைபடத்தின் கறுப்பில் நுனியை மட்டும் அழித்தேன். இதை அழிப்பதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

கிளம்பும்போது, "நான் இன்னும் கோபமாத்தானுங்க இருக்கேன்" என்றார்.

"இருங்க சார்."

"ஆனா முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

ஜூலை 31, புதன்

கறுப்பு இப்போது ஒரு புளியங்கொட்டை அளவுதான். உப்பு தெரிகிறது. சர்க்கரை தெரிகிறது. ஷாகிராவுக்குச் சொன்னேன். "சொல்லிட்டியா அந்தாள்கிட்ட?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். இந்த முறை சிக்னல் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

ஒரே மழை. மரம் விழுந்து கரண்ட் இல்லை, ஒரு நோயாளிகூட இல்லை. மதியம் குடையிலிருந்து தண்ணீர் சொட்ட போஜராஜன் வந்தார். இந்த மழையில் வர வேண்டியதில்லையே என்றேன். தெரியும் என்றார்.

ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பி, பகல் வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு முறை தொட்டேன். இருபத்து நான்கு முறையும் கை எழுந்தது. கடைசி நான்கில் இடத்தையும் சரியாகச் சொன்னார். அழிப்பதற்கு வரைபடத்தில் கறுப்பே மிச்சமில்லை. எனக்குத் தோளிலிருந்து ஒரு சிலிண்டரை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சத்தமாகவே சொன்னேன், "சார், எனக்கு இப்பத்தான் மூச்சு வருது" என்று.

"எனக்கு இன்னும் வரலீங்க" என்றார். "அக்கா, உங்க டீ ஒண்ணு கொடுங்க. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்."

அக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்து, டீ போட்டுக் கொண்டுவந்தார். போஜராஜன் ஒரு ஸ்பூன் எடுத்தார். உதட்டை வலது பக்கமாகக் கோணலாக்கி, ஒரு உறிஞ்சு உறிஞ்சினார் பாருங்கள், விசில் சத்தம் மாதிரி. நான் திடுக்கிட்டே போனேன். கண்ணை மூடி வாய்க்குள் சுழற்றினார். பிறகு என் நாற்காலியின் துப்பும் கிண்ணத்தில் நேராகத் துப்பினார். பதினோரு வருடத்தில் அந்தக் கிண்ணத்தை அவ்வளவு லாவகமாகப் பயன்படுத்தியவர் யாரும் இல்லை.

அடுத்த ஸ்பூன் இடது பக்கம். மறுபடியும் வலது. நானும் அக்காவும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள்போல நின்றோம்.

"பழைய டஸ்ட் தூள்" என்றார். "டப்பா மூடி சரியா மூடுறதில்லை. பிடிப்புச் செத்து ஒரு வருஷம் இருக்கும். இடது பக்கம் சொல்றதைத்தான் வலது பக்கமும் சொல்லுது." மறுபடி ஒரு ஸ்பூன். முகம் சுருங்கியது. "இதுல கிராம்பு போட்டீங்களாக்கா?"

"ஐயோ, இல்லீங்களே."

நான் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். டீத்தூள் டப்பாவின் தோளோடு தோளாக, பல்லுக்கு மருந்து குழைக்கும் கிராம்பு எண்ணெய்ப் புட்டி. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். "கிளினிக் தொறந்ததிலிருந்து" என்றார். பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் அதைத்தான் ரசித்துக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அக்கா. பிறகு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தத் தாளை எடுங்க" என்றார். எடுத்தேன். "இன்னிக்குத் தேதி போடுங்க. நான் சொல்றதை எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "டீ: ஏலத்துக்கு லாயக்கில்லை. நாக்கு: முழுசு." நான் கையெழுத்திட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டார்.